ஒன்றரை மடங்கு

சூடேறும் வரை அணைக்கக் கூடாது, இந்த வண்டிக்கு அதுதான் முதல் சட்டம், ஒரு தடவை கிளப்பிவிட்டால் பாதியில் சாவியைத் திருப்பக் கூடாது, திருப்பினால் உள்ளே பெட்ரோல் தேங்கிப்போய் அப்புறம் லேசில் கிளம்பாது, ஆகவே நான் இறங்க முடியாது, இன்னும் இருபது நிமிடமாவது இந்த இருக்கையில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். இருபத்தேழு வருடம் கழித்து உட்கார்ந்திருக்கிறேன். எதிரே பானெட் தூக்கி நிற்கிறது, கண்ணாடி முழுக்கச் சிவப்புத் தகரம், அதற்கு அந்தப் பக்கம் அவர் இருக்கிறார், அவருக்கும் அந்தப் பக்கம் கேட் இருக்கிறது, இரண்டுமே எனக்குத் தெரியவில்லை, தெரியாததே நல்லது. அவருடைய செருப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது, ஒரு கால் அழுத்தி, ஒரு கால் இழுத்து. சும்மா உட்கார்ந்து மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று படித்துச் சொன்னால் போதும் என்றுதான் கூப்பிட்டார், வேறு எதையும் தொட வேண்டாம் கண்ணு என்றார். எதையும் தொட வேண்டாமாம், அறுபத்தொரு வயதுக்காரியிடம், முப்பத்து மூன்று வருடம் கணக்கு டீச்சராக இருந்தவளிடம். நான் ஏறுவதற்கு முன்னாலேயே நாலு சக்கரத்துக்கும் செங்கல் வைத்துவிட்டார், வைத்து ஒவ்வொன்றையும் காலால் தட்டியும் பார்த்தார். கை பிரேக் போட்டிருக்கிறது, கியர் குச்சி வண்டி நகராத பார்க்கில் நிற்கிறது, அது போதாதென்று செங்கல். நான் கவனிக்காத மாதிரி ஏறிக்கொண்டேன். இரண்டு காலையும் பெடல் பக்கமே கொண்டுபோகாமல் இருக்கைக்கடியில் மடக்கி வைத்திருக்கிறேன், பஸ்ஸில் காலடியில் அடுத்தவர் கூடை இருந்தால் உட்காருவோமே அப்படி.

ஆனால் இந்தச் சத்தம். இதை நான் மறந்தே போயிருந்தேன். மற்ற வண்டிகள் நிற்கும்போது இருமும், குலுங்கும், கண்ணாடி ஆடும், இது அப்படி இல்லை, சின்னதாகப் பொருபொருவென்று ஒரு முணுமுணுப்பு, இருக்கை வழியாக முதுகுத்தண்டுக்கு ஏறி வருகிறது, கையை ஸ்டீயரிங்கில் வைத்தால் உள்ளங்கையில் நாடி மாதிரி அடிக்கிறது. எந்த ஊரிலோ யாரோ ஒருவருக்கு இப்படி ஒன்றைச் செய்யலாம் என்று தோன்றியிருக்கிறதே. பிஸ்டன் கிடையாது. மேலே போய், நின்று, போன வழியே திரும்பி வருகிற எதுவுமே உள்ளே இல்லை. பக்கங்கள் கொஞ்சம் உப்பிய முக்கோணம் ஒன்று, இடுப்பு சிறுத்த ஒரு அறைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது, மூன்று முனையும் ஒரு நொடிகூடச் சுவரை விடாமல். ஒரு பக்கம் காற்றை இழுக்கிறது, அதே நேரத்தில் அடுத்த பக்கம் நெருப்பைச் சுமக்கிறது, மூன்றாவது பக்கம் புகையைத் தள்ளுகிறது, யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. அப்படி இரண்டு முக்கோணம், முன்னும் பின்னுமாக. இந்த வண்டி எங்களுக்கு வந்த புதிதில் திருமூர்த்தி, அதாவது என் வீட்டுக்காரர், அட்டையை வெட்டிச் சாப்பாட்டு மேசையில் வைத்து எனக்கு இதைச் சுற்றிக் காட்டினார். ரசம் ஆறிப்போனது, நான் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அந்த அட்டை முக்கோணத்தைத் திருடிக்கொண்டு போய் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் காட்டினேன். முக்கோணம் ஒரு சுற்று முடிப்பதற்குள் நடுத்தண்டு மூன்று சுற்று முடித்துவிடும், எப்படி என்று யோசித்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு எனக்கே வீடு வரைக்கும் கால் தரையில் பாவவில்லை.

அவர் மில்லுக்கு ஜப்பானிலிருந்து மெஷின் பூட்ட வந்த இன்ஜினியர் கொண்டுவந்து, திரும்பிப் போகும்போது விட்டுவிட்டுப் போன வண்டி இது. மில்லில் யாரும் தொடவில்லை, கிளட்ச் இல்லாத வண்டி, குச்சியை டிரைவில் போட்டுப் பிரேக்கை விட்டால் ஆக்சிலேட்டரைத் தொடாமலே நகரும், பிஸ்டன் இல்லாத என்ஜின், ஏதோ பேய் பிடித்தது மாதிரி ஒதுங்கிப் போனார்கள். மெயின்டனன்ஸில் இருந்த இவர்தான் கேட்டு வாங்கினார். டிக்கியில் அந்த இன்ஜினியரின் சாமான் பெட்டி ஒன்று அப்படியே இருந்தது. அதில்தான் அந்த மீட்டர், கைக்கு அடக்கமான கறுப்புப் பெட்டி, என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது. எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து, எண்கள் மட்டும் நம்முடையவை. இப்போதும் அதைத்தான் பானெட்டுக்குள் மாட்டி வைத்துக்கொண்டு பார்க்கிறார். ஓய்வு பெற்ற பிறகு இரண்டு வருடமாக இந்த வண்டிதான் அவருக்கு எல்லாம். கார்புரேட்டரைக் கழற்றி வெள்ளைத் துணியில் பரப்பி, ஒவ்வொரு துளைக்கும் ஊதி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து. மகள் மிருதுளா பெங்களூரிலிருந்து போனில் கேட்பாள், அப்பா, வண்டி ரெடியானா அம்மா கைல மட்டும் சாவி குடுத்துராதீங்க. அவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன். எங்கள் வீட்டில் இது ஒரு நகைச்சுவை, உப்புப் பாட்டில் மாதிரி எப்போதும் மேசையில் இருக்கும், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

இருபத்தேழு வருடத்துக்கு முன்னால், ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது அன்றைக்கு, கேட் சும்மா நிற்காமல் தானாகவே மோதிக்கொண்டிருந்தது. காலை எட்டே கால். நான் ஆறு மாதமாக இந்த வண்டியில்தான் பள்ளிக்கூடம் போய்வந்துகொண்டிருந்தேன், சவுரிபாளையத்தில் அப்போது காரோட்டிய ஒரே பொம்பளை நானாகத்தான் இருப்பேன், தெருவில் பார்ப்பார்கள், பார்க்கட்டும் என்று ஓட்டுவேன். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டுவேன். அவர் கேட்டைத் திறக்கக் கொக்கியை எடுத்துக்கொண்டிருந்தார், வண்டிக்கும் கேட்டுக்கும் நடுவில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நான் டிரைவில் போட்டேன். வண்டி பாய்ந்தது. ஒரு முழம் இருக்கும், ஒன்றரை முழம் இருக்கும், அவ்வளவுதான், அவருடைய இடது முட்டி பம்பருக்கும் கேட் தூணுக்கும் நடுவில் இருந்தது. அவர் கத்தவில்லை, அதுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை, திரும்பி என்னைப் பார்த்தார், இது என்ன கண்ணு என்று கேட்பது போல. அப்புறம் எல்லோரும் வந்தார்கள். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து பார்த்தவர் சொன்னார், பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டர மிதிச்சிருச்சுங்க அந்தம்மா. ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், நானே சொன்னேன், காலை மாத்தி வெச்சுட்டேனுங்க. என் அம்மாவிடம் சொன்னேன், தலைமை ஆசிரியையிடம் சொன்னேன், எத்தனை பேரிடம் சொன்னேனோ. சொல்லச் சொல்ல அது எனக்கு ஞாபகமாகவே வந்துவிட்டது, வலது கால் நகர்வது, ஆக்சிலேட்டர் அமுங்குவது, எல்லாம் கண்ணுக்கு முன்னால் தெரியும்.

மூன்று ஆபரேஷன். முட்டி மடங்கவில்லை. அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. யாராவது பேச்செடுத்தால் அவரே முந்திக்கொண்டு, தெரியாம நடந்தது, விடுங்க, அவ என்ன வேணும்னா பண்ணுனா என்பார். பார்க்கிறவர்கள் எல்லாம் என்னிடம் சொல்வார்கள், தங்கமான மனுசனுங்க உங்க வீட்டுக்காரரு. ஆமாங்க என்பேன். தங்கம்தான். இருபத்தேழு வருடம் தினமும் அந்தத் தங்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன், அதன் எடை எனக்குத்தான் தெரியும். ஒரே ஒரு நாள் கோபப்பட்டுத் திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், எதையாவது எறிந்திருப்பேன், அதோடு போயிருக்கும். மன்னித்துவிட்டவரிடம் என்ன சண்டை போடுவது. அதற்குப் பிறகு நான் எதையும் ஓட்டவில்லை, ஸ்கூட்டர்கூட, இந்த வண்டியும் ஷெட்டுக்குள் போய்ச் செத்துக் கிடந்தது. பள்ளிக்கூடத்துக்கு முப்பத்து மூன்றாம் நம்பர் பஸ், மழையென்றால் ஆட்டோ. ஒன்றே ஒன்றுதான் புரியாமல் இருந்தது, அதையும் யாரிடமும் சொன்னதில்லை. சில நாள் தூக்கத்திலிருந்து எழும்போது வலது உள்ளங்காலில் வரிவரியாக எதையோ மிதித்துக்கொண்டிருப்பது போல் இருக்கும். கையால் தடவிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. வயதாகிறது, நரம்பு என்று நினைத்துக்கொள்வேன்.

சூடாயிருச்சு, சோக்கை உள்ளே தள்ளிவிடு என்று அவர் பானெட்டுக்கு அப்பாலிருந்து சொன்னார். எதையும் தொட வேண்டாம் என்றவர். தள்ளினேன். என்ஜினின் குரல் ஒரு படி இறங்கியது, எனக்கும் நெஞ்சில் ஏதோ ஒரு படி இறங்கியது. இனிமேல்தான் வேலை. கார்புரேட்டரில் இரண்டு ஸ்க்ரூ இருக்கிறதாம், ஒன்று வேகத்துக்கு, ஒன்று பெட்ரோல் கலவைக்கு, கால் சுற்று இப்படி, அரைக்கால் சுற்று அப்படி, எழுநூற்றைம்பதில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். சும்மா நிற்கிற வண்டிக்கு எழுநூற்றைம்பது. அதற்குக் கீழே போனால் செத்துவிடும், மேலே போனால் நிற்க மனசில்லாமல் முன்னால் தள்ளும். ஒரு வண்டி அமைதியாக நிற்பதற்கு உள்ளே எத்தனை வேகம் தேவைப்படுகிறது, நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது, நிமிடத்துக்கு எழுநூற்றைம்பது சுற்று சுற்றித்தான் அசையாமல் நிற்க முடிகிறது. என் முன்னால் டாஷ்போர்டில் வட்டமாக ஒரு மீட்டர், இதுவும் சுற்று காட்டுவதுதான், இது விபத்து நடந்த அந்த வருடம் ஆனி மாதமே செத்துப்போயிருந்தது, போன மாதம் பீளமேட்டில் கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவரிடம் கொடுத்து உயிர் கொடுத்துக் கொண்டுவந்தார். அவர் கூப்பிட்டார். எழுநூத்தம்பது வந்துருச்சு, உள்ள என்ன காட்டுது என்றார். நான் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தேன். முள் ஆயிரத்தைத் தாண்டி நின்றது, அடுத்த சின்னக் கோட்டுக்குப் பாதி வழியில். ஒரு கோட்டுக்கு இருநூற்றைம்பது. ஆயிரத்து நூற்றிருபத்தைந்து. சொன்னேன். அது கெடக்குது, கடிகாரக்காரன் கை வெச்சது அப்படித்தான் இருக்கும், எங்கிட்ட இருக்கற மீட்டரைத்தான் நம்போணும் என்றார். சரி. அப்புறம் கார்புரேட்டரில் கசடு இருந்தால் போகட்டும் என்று கையாலேயே கம்பியை இழுத்து வேகத்தை ஏற்றினார், ஆயிரம் என்றார், இங்கே ஆயிரத்து ஐநூறு. ஆயிரத்து ஐநூறு என்றார், இங்கே இரண்டாயிரத்து இருநூற்றைம்பது. மறுபடி இறக்கினார், எழுநூற்றைம்பது, ஆயிரத்து நூற்றிருபத்தைந்து.

முப்பத்து மூன்று வருடம் விடைத்தாள் திருத்தியவள் நான். தப்பு என்றால் எனக்கு நன்றாகத் தெரியும், தப்பு கண்டபடிக்கு இருக்கும், ஒரு இடத்தில் கூடும், ஒரு இடத்தில் குறையும், ஒரு பையன் போட்ட தப்பைப் பார்த்தாலே அவனுக்கு எந்த இடத்தில் கவனம் போனது என்று சொல்லிவிடலாம். இது அப்படி இல்லையே. ஆயிரத்துக்கு ஆயிரத்து ஐநூறு, ஆயிரத்து ஐநூறுக்கு இரண்டாயிரத்து இருநூற்றைம்பது, எங்கே தொட்டாலும் ஒன்றரை மடங்கு. தப்பு இவ்வளவு ஒழுங்காக இருக்காது. கடிகாரக்காரர் கை தவறியிருந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், இது சாயவில்லை, நேராக நிற்கிறது, யாரோ கேள்வியைத்தான் மாற்றிக் கேட்டிருக்கிறார்கள். இரண்டுக்கு மூன்று. நாலுக்கு ஆறு. அந்தக் கறுப்புப் பெட்டியின் முகத்தில் ஒரு திருகு உண்டு, எனக்கு ஞாபகம் இருக்கிறது, திருகைச் சுற்றி மூன்று எண், நாலு, ஆறு, எட்டு. மீட்டருக்கு என்ஜின் சுற்றுவது தெரியாது, தீப்பொறி விழுவதை மட்டும் எண்ணும், எத்தனை சிலிண்டர் என்று நாம்தான் சொல்லித் தர வேண்டும், நாலு சிலிண்டர் என்றால் இரண்டு பொறிக்கு ஒரு சுற்று, ஆறு என்றால் மூன்று பொறிக்கு ஒரு சுற்று, இதெல்லாம் எங்கள் சாப்பாட்டு மேசையில் சாம்பாரோடு பரிமாறப்பட்ட விஷயம்தான். இந்த வண்டியில் சிலிண்டர் இல்லை. அப்படியென்றால் எதை வைப்பது. அட்டை முக்கோணம் கண்ணுக்கு முன்னால் சுற்றுகிறது, அவருடைய விரல் அதைத் தள்ளுகிறது, தண்டு ஒரு சுற்று வரும்போது முக்கோணம் மூன்றில் ஒரு பங்குதான் நகர்கிறது, ஒரே ஒரு பக்கம்தான் நெருப்பைப் பார்க்கிறது. இரண்டு முக்கோணம், இரண்டு பொறி, ஒரு சுற்று. நாலு. இந்த வண்டிக்கு நாலில் வைக்க வேண்டும். ஆறில் வைத்தால் என்ஜின் மூன்று சுற்று சுற்றினால்தான் மீட்டர் இரண்டு என்று ஒப்புக்கொள்ளும், எழுநூற்றைம்பது என்று அது சொல்லும்போது உள்ளே ஆயிரத்து நூற்றிருபத்தைந்து ஓடிக்கொண்டிருக்கும். டாஷ்போர்டில் இருக்கிறது நிஜம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, கையைப் பார்த்தேன், நிஜமாகவே முடி எழுந்து நிற்கிறது. ஒரு கணக்கு சரியாக விழும்போது அதற்கு யாருடைய தயவும் தேவையில்லை, அது பாட்டுக்கு வந்து நிற்கும், அதன் முன்னால் நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அப்புறம்தான் அடுத்தது வந்தது, கொஞ்சம் தாமதித்து, கேட் திறந்து யாரோ உள்ளே வருவது போல. அன்றைக்குக் காலையில், கேட்டுக்குப் போவதற்கு முன்னால், அவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். சிக்னலில் என்ஜின் அணைந்து அணைந்து போகிறது என்று நான்தான் முந்தின நாள் புகார் சொல்லியிருந்தேன். டாஷ்போர்டு மீட்டர் செத்துப்போனதால் முதல் முறையாக அந்தப் பெட்டியை எடுத்தார், எழுத்து புரியாமல் திருகை இப்படியும் அப்படியும் பார்த்தார். நான் தலை வாரிக்கொண்டு வாசலில் நின்றேன். கணக்கு டீச்சர், ரெண்டு முக்கோணத்துக்கு எத்தனை பக்கம் என்றார். நான் கிளிப்பை வாயில் வைத்துக்கொண்டே சொன்னேன், ஆறு. அதே நான், தண்டு மூன்று சுற்று சுற்றும் என்று ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இரண்டையும் சேர்த்துப் பார்க்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை, அவ்வளவு அழகான விடையாக இருந்தது அந்த ஆறு. அவர் திருகை ஆறில் வைத்து, ஸ்க்ரூவைத் திருப்பி, எழுநூற்றைம்பது வந்தாச்சு, இனி எங்கயும் நிக்காது என்று பானெட்டை மூடிவிட்டுக் கேட்டுக்குப் போனார். நான் ஏறி உட்கார்ந்தேன். இந்த வண்டிக்குப் பிரேக்கை அழுத்த வேண்டாம், லேசா வெச்சாப் போதும் என்று அவர்தான் சொல்லிக் கொடுத்திருந்தார், ஆறு மாதமாக அப்படித்தான் வைத்தேன், அன்றைக்கும் லேசாகத்தான் வைத்தேன், ஒன்றரை மடங்கு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்த வண்டிக்கு அந்த லேசு போதவில்லை.

சொல்வதா. வாய் வரைக்கும் வந்து நிற்கிறது. சொன்னால் என்ன ஆகும். இத்தனை வருடம் மன்னித்துக்கொண்டிருந்தவரிடம் போய், மன்னிக்க ஒன்றும் இல்லை, அது உங்கள் ஸ்க்ரூ என்று எப்படிச் சொல்வது, அந்தக் காலை இழுத்துக்கொண்டு அவர் எங்கே போய் உட்காருவார். சொல்லாவிட்டால் அவர் இதே ஆயிரத்து நூற்றிருபத்தைந்தில் பானெட்டை மூடிவிடுவார், நாளைக்கு அவரே டிரைவில் போடுவார், யாராவது கேட்டுக்கு முன்னால் நிற்பார்கள். அதற்காகவாவது சொல்ல வேண்டும். இல்லை, அதற்காக இல்லை, பொய் சொல்லாதே தமயந்தி, உனக்காகத்தான் சொல்ல வேண்டும், உனக்குக் கோபம் வருகிறது, இருபத்தேழு வருடக் கோபம். நான் தப்பாகக் கணக்குப் போட்டிருந்தால்? மறுபடி போட்டேன். இரண்டு முக்கோணம், இரண்டு பொறி. மறுபடி. என்ஜின் பொருபொருவென்று அதே விடையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, அது எப்போதும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, செத்துக் கிடந்த வருடங்களில்கூட அந்தப் பெட்டி ஷெட் பரணில் திருகு ஆறில் இருந்தபடியே காத்திருந்தது. அது சூடேறிவிட்டது, இப்போது நான் நினைத்தால் அணைத்துவிட்டு இறங்கிப் போகலாம். நான் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினேன்.

"ஏனுங்க. அந்தத் திருகை நாலுல வையுங்க."

ஆறு பக்கமல்லவா என்றார் அவர். தண்டு மூணு சுத்து சுத்துமல்லங்க என்றேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மெயின்டனன்ஸில் முப்பத்தைந்து வருடம் இருந்தவர், அவருக்கு ஒரு வார்த்தை போதும். செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. திருகு திரும்புகிற சின்னக் கிளிக் சத்தம் கேட்டது, அந்தப் பெட்டியின் முள் அங்கே எவ்வளவு தூரம் தாவியிருக்கும் என்று எனக்கு இங்கிருந்தே தெரியும். நான் சிவப்புத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, இத்தனை பெரிய ஒன்றின் முன்னால் அதற்கு நிற்க இடம் இல்லை போலிருக்கிறது, ஒரு சின்னத் திருகு, விரல் நகம் அளவு, அதன் மேல் எங்கள் இரண்டு பேர் வாழ்க்கையும் ஏறி உட்கார்ந்திருந்திருக்கிறது.

"அன்னிக்கும் ஆறுலதான் வெச்சேன்" என்றார்.

"ஆறுன்னு சொன்னது நான்தானுங்க."

"உங்கிட்ட பக்கம் எத்தனைன்னு கேட்டேன். நீ பக்கத்தச் சொன்னே. கேட்டதுதான் தப்பு." அப்புறம், தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்தே, "உன்னைய மன்னிச்சுட்டதா வேற ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

ஆமாம், திரிந்தீர்கள். அவர் ஸ்க்ரூவைத் திருப்ப ஆரம்பித்தார், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், முள் ஆயிரத்துக்கு இறங்கியது, தொள்ளாயிரம், எண்ணூறு, என்ஜின் தன் குரலைத் தாழ்த்திக்கொண்டே போனது, எழுநூற்றைம்பதில் வந்து நின்றது. அப்பா. இதுதான் இந்த வண்டியின் நிஜமான குரல். முனகல் போய், மூச்சு மட்டும் மிச்சம் இருந்தது. இரண்டு முக்கோணமும் உள்ளே ஒன்றையொன்று பார்க்காமல் சுற்றிக்கொண்டிருந்தன, நெருப்பும் காற்றும் புகையும் தம் தம் வேலையில் இருந்தன, வண்டி அசையாமல் நின்றது. எழுநூற்றைம்பது, இங்கயும் அதுதானுங்க என்று சொன்னேன். டிரைவில் போட்டுப் பார்த்தால்தான் வேலை முடியும், பிரேக்கை மிதித்துக்கொண்டு, அது எனக்குத் தெரியும், அதை அவர் எப்படிக் கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் பானெட்டை இறக்கினார். தகரம் போய் வெளிச்சம் வந்தது, கேட் வந்தது, தூண் வந்தது, அவர் முகம் வந்தது. என்னைப் பார்க்காமல் சுற்றி வந்து, மடங்காத காலை ஒரு பக்கம் நீட்டி, சிரமப்பட்டுக் குனிந்து, முன் சக்கரத்துச் செங்கல்லை எடுத்தார். அடுத்ததை எடுத்தார். பின்னால் போனார், கண்ணாடியில் பார்த்தேன், அங்கேயும் குனிந்தார், இரண்டு தடவை. நாலையும் மதில் ஓரமாக அடுக்கினார். பிறகு வண்டிக்கு முன்னால் வந்து, கேட் தூணுக்குப் பக்கத்தில், அதே இடத்தில், இந்தத் தடவை என்னைப் பார்த்தபடி நின்றுகொண்டார்.

"போடு கண்ணு."

தள்ளி நில்லுங்க என்றேன். அவர் தள்ளவில்லை. மறுபடி சொன்னேன், அவர் காதில் விழாத மாதிரி கொக்கி மேல் கை வைத்துக்கொண்டார். பிடிவாதக்கார மனுஷன். நான் குனிந்து இரண்டு செருப்பையும் கழற்றிப் பக்கத்துச் சீட்டுக்கடியில் தள்ளினேன். காலை எடுத்து முன்னால் வைத்தேன், அது தேடவே இல்லை, நேராகப் போய் அமர்ந்தது. ஆக்சிலேட்டர் ஒல்லி, வழவழவென்று இருக்கும், இது அகலம், ரப்பர், வரிவரியாக இருந்தது. வலது உள்ளங்கால் முழுக்க வரி. அழுத்தினேன். கை பிரேக்கை எடுத்துவிட்டுக் குச்சியைப் பார்க்கிலிருந்து இழுத்து டிரைவில் போட்டேன், வண்டி ஒரு தடவை மெல்லத் தோளைக் குலுக்கியது, முள் கொஞ்சம் இறங்கி நின்றது, அவருக்கும் எனக்கும் நடுவில் இருந்த முழம் அப்படியே இருந்தது. அவர் கண்ணை மூடவில்லை. நானும் மூடவில்லை. கால் பிரேக்கில்தான் இருக்கிறது. அன்றைக்கும் இங்கேதான் இருந்தது.